குடியுரிமைக்கு மனுப் போடுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்த அக்கா ஒருவரின் இந்தியக் குடியுரிமை மனுவை எழுத உட்கார்ந்தோம். இலங்கை பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால் வரும்: பொன்னையா கமலாதேவி. கல்யாணப் பதிவுச் சான்றிதழில் பொ. கமலாதேவி. வங்கி பாஸ்புக்கில் வீட்டுக்காரர் இனிஷியலோடு மு. கமலா. தெருவுக்கே தெரியும், மூன்றும் ஒரே ஆள்தான். விசாரணை அறிக்கை எழுதுகிறவருக்கும் டெல்லியில் கோப்பைப் பார்க்கிறவருக்கும் அது எப்படித் தெரியும்? கோப்பு திரும்பி வரும், மாதங்கள் போகும். மனுப் போடுமுன்பே எல்லாத் தாளையும் பாஸ்போர்ட் பெயருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மாற்ற முடியாததற்கு நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி வையுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. "மனுதான் போட்டாச்சே, இனி விசா எதுக்கு?" என்று விட்டுவிடுவது. முறையாக வந்தவர்கூட அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கினால், 1955 குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி. அப்படி ஆனவருக்குப் பதிவு மூலம் குடியுரிமை (இந்தியரை மணந்தவர் கேட்பது இதுதான்) கிடையாது. மனு நிலுவையில் இருப்பது விசாவுக்கு ஈடாகாது. அக்கா வீட்டுத் தினசரிக் காலண்டரில் விசா முடியும் தேதியை நானே சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்தேன்.

இந்தியரை மணந்தவருக்கு ஏழு வருட வாசம் வேண்டும். அதில் மனுவுக்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்து இங்கே இருக்க வேண்டும். அதற்கு முந்தைய எட்டு வருடத்தில் ஆறு வருடமாவது இருந்திருக்க வேண்டும். அந்தக் கடைசி வருடத்தில் யாழ்ப்பாணம் நல்லூர்த் திருவிழாவுக்கு என்று கிளம்பிவிடாதீர்கள். 30 நாள் வரை தளர்வு உண்டு. ஆனால் தக்க காரணம் இருந்தால் மத்திய அரசு பார்த்துக் கொடுப்பது அது, கேட்டவுடன் கிடைக்காது. பழைய நாட்டுக் குடியுரிமையையும் அவசரப்பட்டு விடாதீர்கள். மனு ஏற்கப்பட்ட பிறகு விட்டால் போதும். முந்திக்கொண்டால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்க நேரும்.

மனுவைப் பார்த்து அறிக்கை அனுப்புகிறவர் மாவட்ட ஆட்சியர். கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கம் இருப்பவர்களுக்கு 2019 நவம்பரிலிருந்து தென்காசி ஆட்சியர்தான். பழைய தாளில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருப்பதை வைத்துக் கொக்கிரகுளத்தில் உள்ள திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைய வேண்டாம்.

இலங்கை அகதிகள் முகாம்களில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு மட்டுமே. இலங்கை அதில் இல்லை. அதை நம்பிக் காத்திருந்து ஏமாற வேண்டாம். அடுத்தது பிறந்த தேதி. 26-1-1950 முதல் 30-6-1987 வரை இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர், அப்பா அம்மா எந்த நாட்டவராக இருந்தாலும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. இப்படிப் பிறந்தவர்கள் குடியுரிமைக்கு மனுப் போடுவதே வீண். பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள்.

விதிப்படி ஆட்சியர் 60 நாளுக்குள் அறிக்கையோடு மாநில அரசுக்கு அனுப்ப வேண்டும். மாநில அரசு 30 நாளுக்குள் மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும். நடப்பில் இழுக்கத்தான் செய்கிறது. இப்போது மனுவை ஆன்லைனில் போடுவதால் கோப்பு எண் கையில் கிடைக்கிறது, இது நல்ல முன்னேற்றம். 60 நாள் தாண்டினால் அந்த எண்ணைக் குறிப்பிட்டுத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.