இறைச்சித் துண்டில் தசையிழையம் பார்ப்பது எப்படி

உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் வன்கூட்டுத் தசை, இதயத் தசை, மழமழப்பான தசை மூன்றையும் அழகாக வரைந்துவிடுகிறார்கள். வழுக்கியை (மாதிரி வைத்த கண்ணாடித் தகட்டை) நுணுக்குக்காட்டியில் வைத்து எது எதுவென்று கேட்டால்தான் தடுமாற்றம். வரைவதற்கு முன் பார்த்துவிட்டால் அது வராது. மனிதத் தசையின் அடிப்படை அமைப்பைக் கோழியிலும் ஆட்டிலுமே பார்க்கலாம்.

முதலில் உப்புக்கரைசல். வேண்டியது 0.9 சதவீதக் கரைசல், அதாவது 100 மில்லிலீற்றருக்கு 0.9 கிராம். அவ்வளவு சிறிய அளவைச் சமையலறைத் தராசில் நிறுக்க முடியாது. 9 கிராமை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரையுங்கள். வெறும் தண்ணீரில் வைத்தால் நார்கள் நீரை உறிஞ்சி ஊதும், நாரின் குறுக்கு வரிகள் கலங்கிப்போகும். உறையவைத்த கோழி வேண்டாம். பனிப்பளிங்குகள் நாரைக் கிழித்திருக்கும்.

அன்றைக்கு வெட்டிய கோழித் தொடையில், நார் ஓடும் திசையிலேயே, தலைமயிர் அளவு மெல்லிய இழையொன்றை உரியுங்கள். குறுக்கே வெட்டினால் வரிகள் தெரியாது. வழுக்கியில் ஒரு துளி கரைசல் விட்டு, இழையை அதில் வைத்து, இரண்டு ஊசிகளால் நீளவாக்கில் பிரித்துக்கொண்டே போங்கள். அவசரப்பட்டால் இங்கேதான் கெடும்: நார்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் கறுப்புக் கட்டியாகத்தான் தெரியும். ஒரு துளி மெதிலீன் நீலம் விட்டு, இரண்டு நிமிடம் கழித்து மேலதிகத்தை ஒற்றி எடுத்து, மூடித்துண்டைச் சாய்வாக இறக்குங்கள்.

10 மடங்கு பொருள்வில்லையில் தேடி, 40க்கு மாற்றுங்கள். வரி தெரியவில்லையா? பெரும்பாலும் வெளிச்சம் கூடிவிட்டது. மேடைக்குக் கீழே ஒளி வரும் துளையை மெல்லச் சுருக்குங்கள். வெளிறிய நாரில் குறுக்குக் கோடுகள் எழும்பி வரும். நாரின் ஓரத்தில் கருக்கள், ஒன்றல்ல, பல. நுவரெலியா, ஹற்றன் பக்கத்துக் காலைக் குளிரில் மூச்சுப் பட்டாலே வில்லை மங்கும். மாதிரியைக் குறை சொல்லாமல் வில்லைத்தாளால் துடையுங்கள். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

அந்தக் கோடுகள்தான் தசைப்பாத்துகளின், அதாவது தசை சுருங்கும் மிகச்சிறு அலகுகளின், அடுக்கு. ஒவ்வொன்றும் ஓய்வில் ஏறக்குறைய 2 முதல் 2.5 மைக்ரோமீற்றர். மயோசின், அக்டின் இரண்டும் தசைப் புரதங்கள். மயோசின் உள்ள பகுதி கருமை, அக்டின் மட்டும் உள்ள பகுதி வெளிச்சம். தசை சுருங்கும்போது கரும்பட்டியின் அகலம் மாறாது. அக்டின் உள்ளே வழுக்க, வெளிர்பட்டிதான் ஒடுங்கும். சிவனொளிபாதமலையில் ஏறியதைவிட இறங்கிய பிறகு தொடையின் முன்பக்கம் வலிப்பதற்கும் காரணம் இங்கேதான். இறங்கும்போது அந்தத் தசை இழுவையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. சில தசைப்பாத்துகள் அளவுக்கு மீறி இழுபட்டுச் சிதைகின்றன. அதனால் வலி உடனே வராமல், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகிறது.

நுணுக்குக்காட்டி இல்லையென்றால் ஆட்டிறைச்சியை வேகவையுங்கள். சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். நார்களைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் ஜெலற்றினாக இளகக் கூடுதல் நேரம் கொடுங்கள். கொலாஜனாலான அந்தத் தொடுப்பிழைய உறை தளர்ந்ததும் தசை கற்றை கற்றையாகப் பிரியும். ஒரு கற்றைக்குள் பல நார்கள். ஒவ்வொரு நாரும் ஒரு கலம்.

இதயத்துக்கு ஆட்டின் கீழறைச் சுவரிலிருந்து எடுங்கள். நார்கள் கிளைவிட்டுப் பின்னியிருப்பதால் துண்டுதுண்டாகத்தான் பிரியும். வரி உண்டு, ஆனால் கரு நடுவில். கலங்கள் முட்டும் இடத்தில் குறுக்கே தடித்த தட்டு. அதன் வழியே துடிப்பு கலத்துக்குக் கலம் கடக்கிறது.

மழமழப்பான தசைக்குக் குடலின் வெளிப்படையை உரிக்கலாம். வரியில்லை, இரு முனையும் கூர்ந்த கலம், நடுவே ஒரு கரு. உண்மையில் பச்சை மாதிரியில் கல எல்லை தெரிவது அரிது. இதற்கு மட்டும் பாடசாலையின் நிரந்தர வழுக்கியைக் கேளுங்கள்.

பச்சை இறைச்சி தொட்ட பலகை, ஊசி, கை எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.