ஸ்ட்ரிங் மெஷின் மறுவார்ப்புகள்: அந்தப் பழைய ஒலி நழுவிப் போவது எங்கே?

வயலின் குழு போல ஒலிக்க வந்த 1970களின் மின்னணுக் கீபோர்டுதான் ஸ்ட்ரிங் மெஷின். அதன் ஒலி பிடித்துப்போய், மறுவார்ப்பாக வந்த பிளக்இன்னையோ (கணினியில் ஓடும் மென்பொருள் வாத்தியம்) புதிய கருவியையோ வாங்குகிறவர்கள் நிறைய. ஒரு வாரம் போனதும் அவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது இல்லை." இப்படிச் சொன்ன பலருடைய அமைப்புகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கருவியில் குறை இருக்காது. அசலில் இல்லாத வசதிகளை எல்லாம் அதன் தலையில் ஏற்றி வைத்திருப்பார்கள். அவற்றை ஒவ்வொன்றாக இறக்கினாலே பழைய ஒலி மெல்ல எட்டிப் பார்க்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மெல்லோட்ரான் வேறு, ஸ்ட்ரிங் மெஷின் வேறு. மெல்லோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டேப் ஓடும். அதில் உண்மையான வயலின் பதிவாகி இருக்கும். ஸ்ட்ரிங் மெஷினில் பதிவு எதுவும் கிடையாது. நெதர்லாந்தின் எமினென்ட் நிறுவனம் 1974இல் கொண்டுவந்த சோலினா ஸ்ட்ரிங் என்செம்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் சிந்தசைசர் நிறுவனமான ஏஆர்பி தன் பெயரில் விற்றதும் இதைத்தான். 49 கட்டைகள், எத்தனையை ஒன்றாக அழுத்தினாலும் அத்தனையும் ஒலிக்கும். உள்ளே இருப்பதோ ஒரு எலக்ட்ரானிக் ஆர்கனின் வயிறு. அதனால் "நிஜ வயலின் மாதிரி இல்லையே" என்று குறைப்படுவதில் பொருளில்லை. வயலின் குழு வேண்டுமென்றால் அதற்கு அருமையான சாம்பிள் தொகுப்புகள் இருக்கின்றன. இது தனி வாத்தியம்.

டிரிஃப்ட் குமிழைத் தொடும் முன்

இன்றைய பிளக்இன்கள் பலவற்றில் "டிரிஃப்ட்", "வின்டேஜ்" என்று ஒரு குமிழ் இருக்கும். ஒவ்வொரு ஸ்வரத்தின் சுருதியையும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிவிடுவது அதன் வேலை. பழைய கருவி என்றால் சுருதி தள்ளாடும் என்ற நினைப்பில் எல்லோரும் அதை ஏற்றிவிடுகிறார்கள். 1970களின் மினிமூக் போன்ற சிந்தசைசர்களுக்கு அது சரி. ஸ்ட்ரிங் மெஷினுக்கு அது முற்றிலும் தவறு.

காரணம், ஒலி பிறக்கும் விதம். அந்தக் காலக் கருவிகள் பலவற்றில் ஸ்வரத்துக்கு ஓர் ஆஸிலேட்டர் (அலையை உண்டாக்கும் சுற்று) கிடையாது. உச்ச ஸ்தாயியின் 12 ஸ்வரங்களை மட்டும் உண்டாக்கி, அவற்றைப் பாதி பாதியாக வகுத்துக் கீழ் ஸ்தாயிகளைப் பெறுவார்கள். இதற்கென்றே வந்த எம்கே50240 என்ற சிப்பைப் பார்த்தால் கணக்கு தெளிவாகும். அதற்குள் போவது ஏறத்தாழ 20 லட்சம் ஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒரே ஒரு துடிப்பு. அதை 239ஆல் வகுத்தால் உச்ச சி, 253ஆல் வகுத்தால் அதற்கு அடுத்த கீழ் ஸ்வரமான பி, அப்புறம் 268, 284 என்று இறங்கி 478 வரை போகும். 478 என்பது 239இன் இரண்டு மடங்கு; அதாவது அதே சி, ஒரு ஸ்தாயி கீழே. 239ஆல் வகுத்துக் கிடைக்கும் சுமார் 8369 ஹெர்ட்ஸை ஐந்து முறை பாதியாக்கினால் 261.5 ஹெர்ட்ஸ் வரும். பியானோவின் நடு சி அதுதான்.

ஆக எல்லா ஸ்வரங்களும் ஒரே துடிப்பின் பிள்ளைகள். அந்தத் துடிப்பு நகர்ந்தால் எல்லாம் சேர்ந்து நகரும். ஒன்று மட்டும் விலகிப் போக வழியே இல்லை. கோரஸை (ஒலியைப் பலர் சேர்ந்து வாசிப்பதுபோல் ஆக்கும் எஃபெக்ட்) அணைத்துவிட்டு ஒரு சியையும் அதற்கு மேல் ஸ்தாயி சியையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். நல்ல மறுவார்ப்பில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அலை எதுவும் அடிக்காமல், ஒரே கெட்டியான ஸ்வரமாக நிற்கும். மேல் சி தனியாகக் கேட்காது. கீழ் சிக்குப் பளபளப்பு கூடியதுபோல் இருக்கும். 'வ்வ்வ்' என்று மெதுவாக அலை எழுந்தால் எங்கோ டிடியூன் (சுருதி விலக்கல்) திறந்திருக்கிறது. அதைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இதே கணக்கு இன்னொரு வாதத்தையும் முடித்துவைக்கிறது. "முழு அனலாக் இல்லையென்றால் வாங்க மாட்டேன்" என்று சிலர் பிடிவாதமாக இருப்பார்கள். துடிப்புகளை எண்ணி வகுக்கும் அந்தப் பழைய சிப்பே டிஜிட்டல் தர்க்கத்தில் ஓடியதுதான். வால்டார்ஃப் 2014இல் வெளியிட்ட ஸ்ட்ரைஷ்ஃபெட் முழுக்க டிஜிட்டல். ஆனாலும் இந்த ஒலியின் சாரத்தை நன்றாகப் பிடித்திருக்கிறது என்பது என் கருத்து. ரோலண்டின் விபி-330ஐப் பின்பற்றி பெரிங்கர் கொண்டுவந்த விசி340 அனலாக் வழியில் போனது. இரண்டிலும் நல்ல இசை வரும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாமல், பிடித்த நாண் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) ஒன்றைக் கார்வையாக நிறுத்திக் காதால் முடிவு செய்யுங்கள்.

உயிர் இருப்பது கோரஸில்

எவ்வளவு சொன்னாலும் போதாத இடம் இது. கோரஸை இயக்கும் என்செம்பிள் பொத்தானை அணைத்துவிட்டு நாண் ஒன்றைப் பிடியுங்கள். ஒல்லியான, தட்டையான ரீங்காரம், மலிவான ஆர்கன் மாதிரி. பொத்தானைப் போடுங்கள். அதே நாண் மூச்சு விட ஆரம்பிக்கும். ஸ்ட்ரிங் மெஷின் என்று நாம் மனதில் வைத்திருப்பது கிட்டத்தட்ட முழுவதும் அந்த இரண்டாவது நொடியில்தான் பிறக்கிறது. அப்படியிருக்க, பலர் மணிக்கணக்கில் அலை வடிவத்தையும் ஃபில்டரையும் திருகிக்கொண்டிருந்துவிட்டு, கோரஸை மட்டும் கையில் கிடைத்த ஏதோ ஒரு எஃபெக்டால் நிரப்பிவிடுகிறார்கள்.

சாதாரண கோரஸ் எஃபெக்டில் நேரடி ஒலியும், தாமதமாகி அலையும் ஒரு நகலும் கலக்கும். சோலினா வகையில் தாமதப் பாதைகள் மூன்று. அவை ஒவ்வொன்றும் ஒரு பக்கெட் பிரிகேட் சிப். தீயை அணைக்க ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றிக்கொண்டே போவார்கள் அல்லவா, அதேபோல மின்னூட்டம் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கைமாறிப் போகும். பிலிப்ஸ் நிறுவனத்தில் 1969இல் உருவான உத்தி இது. 512 அறைகள் உள்ள சிப்பை 50 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் தாமதம் சுமார் 5 மில்லி நொடி. ஓட்டும் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் தாமதம் மாறும். தாமதம் மாறும்போது சுருதியும் லேசாக அசையும்.

அந்த அசைவுக்கு இரண்டு எல்எஃப்ஓக்கள் (மெதுவாக அலையும் ஆஸிலேட்டர்கள்). ஒன்று ஒரு நொடிக்கும் மேலாக இழுத்து மெதுவாக அலையும். இன்னொன்று நொடிக்கு ஆறு முறை போலத் துடிக்கும். இரண்டும் மூன்று பாதைகளுக்கும் 120 பாகை தள்ளித் தள்ளிப் போகின்றன. முதல் பாதையில் சுருதி உச்சியில் இருக்கும்போது மற்றவற்றில் இறங்கியிருக்கும். மூன்றையும் கூட்டினால் சராசரி அசையாமல் நிற்கும். அதனால்தான் காதுக்கு வைப்ரேட்டோவாகக் கேட்காமல், பலர் சேர்ந்து வில் போடுவதுபோல் கேட்கிறது.

இதிலிருந்து கிளம்பும் தவறுகள் இரண்டு. மறுவார்ப்பில் ஏற்கெனவே என்செம்பிள் ஓடும்போது, அதற்கு மேல் இன்னொரு கோரஸைப் போடுவது முதல் தவறு. அந்த 120 பாகை ஒழுங்கு குலைந்துபோய், ஒலி தண்ணீரில் கரைந்ததுபோல் ஆகிவிடும். ஏதாவது சேர்த்தே ஆக வேண்டும் என்றால் ஃபேசர் (ஒலியைச் சுழல்வதுபோல் ஆக்கும் எஃபெக்ட்) போடுங்கள். பிரெஞ்சு இசைக்கலைஞர் ஜான் மிஷேல் ஜார் 1976இன் 'ஆக்சிஜென்' ஆல்பத்தில் எமினென்ட் 310 ஆர்கனை ஸ்மால் ஸ்டோன் ஃபேசர் வழியாகத்தான் விட்டார். சோலினாவின் ஸ்ட்ரிங்ஸ் பகுதி அந்த ஆர்கனிலிருந்து பிரித்தெடுத்ததே.

இரண்டாவது தவறு, கோரஸை அளவுக்கு மீறி "சுத்தம்" செய்வது. பக்கெட் சிப்பில் சீறல் உண்டு. அதை அடக்க முன்னும் பின்னும் ஃபில்டர்கள் வைத்து உயர் அதிர்வெண்களை வெட்டியிருப்பார்கள். அந்த வெட்டுதான் பட்டுத்துணி மாதிரியான மென்மையைத் தருகிறது. ஈக்யூவில் (அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் வசதி) 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றி "பிரைட்" ஆக்கினால் அந்தப் பட்டு கிழியும். சீறலைக் கூட்டும் குமிழ் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். இருக்கும் அளவே போதும்.

கை வைக்கும் விதம்

பியானோ வாசித்துப் பழகியவர்களுக்கு இங்கே கொஞ்சம் சிரமம். பெரும்பாலான ஸ்ட்ரிங் மெஷின்களில் அழுத்தத்தை உணரும் கட்டைகள் கிடையாது. பிளக்இன்னில் வெலாசிட்டி திறந்திருந்தால் நாணின் நான்கு ஸ்வரங்களும் நான்கு அளவில் வரும். அந்தச் சமமான பாய் விரிப்பு போய்விடும். முதலில் வெலாசிட்டியை மூடுங்கள். உரத்ததும் மெலிந்ததும் வேண்டுமென்றால், அந்தக் காலத்தில் செய்ததுபோல வால்யூம் பெடலைக் காலுக்குக் கொடுங்கள்.

சஸ்டெயின் பெடலை மறந்துவிடுங்கள். இந்தக் கருவிகளில் ரிலீஸ் (விரலை எடுத்த பின் ஒலி தேயும் நேரம்) ஏற்கெனவே நீளம். பெடலும் சேர்ந்தால் முந்தைய நாணின் வால் அடுத்த நாணில் புரண்டு சேறாகும். ஆர்கன் வாசிப்பவர்கள் செய்வதைப் பாருங்கள்: இரண்டு நாண்களுக்கும் பொதுவான ஸ்வரத்திலிருந்து விரலை எடுக்கமாட்டார்கள், மாறும் ஸ்வரத்தை மட்டும் நகர்த்துவார்கள். சி மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போக ஜியை ஏக்கு நகர்த்தினால் போதும். சியும் இயும் அப்படியே நிற்கும். கோரஸின் அலை அறுபடாமல் ஓடுவது இப்படி வாசிக்கும்போதுதான்.

சில கருவிகளில் எல்லா ஸ்வரங்களுக்கும் ஒரே என்வலப் (ஒலி எழுந்து அடங்கும் வடிவம்). பாராஃபோனிக் என்பது இதைத்தான். நாண் ஒன்றைப் பிடித்தபடியே புதிய ஸ்வரத்தைச் சேர்த்தால், அது மெதுவாக எழாது. ஏற்கெனவே திறந்திருக்கும் கதவு வழியாகச் சட்டென்று வந்துவிடும். இதைக் கோளாறு என்று நினைத்துப் பிளக்இன்னைத் திரும்பத் திரும்ப நிறுவியவர்கள் உண்டு. கருவியின் இயல்பே அதுதான். மெதுவாக எழ வேண்டுமென்றால் எல்லா விரல்களையும் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

இடது கைக்கு வேலை குறைவு. கீழ் ஸ்தாயியில் நெருக்கமாக மூன்று ஸ்வரம் பிடித்தால் வெறும் உறுமல்தான் மிஞ்சும். நடு சிக்குக் கீழே ஒரு ஸ்வரம், மிஞ்சினால் ஐந்தாம் ஸ்வரத்தையும் சேர்த்து இரண்டு. மிச்சத்தை வலது கைக்கு விடுங்கள்.

வாங்கும்போதும் மிக்ஸிலும்

பழைய அசலையே வாங்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வரும். வாங்குங்கள், ஆனால் பழுதுபார்ப்பவர் ஒருவர் கைவசம் இருக்கட்டும். ஏஆர்பி ஆம்னி என்ற ஸ்ட்ரிங் கருவியின் டான்டலம் கெபாசிட்டர்கள் வயதாகி உயிரை விடுவது ஊரறிந்த சங்கதி. கட்டைகளின் தொடுமுனைகள் கறுத்துப்போவதும் சகஜம். புதிய மறுவார்ப்புகளில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவற்றில் பல, கட்டைகளே இல்லாத வெறும் பெட்டியாக வருகின்றன, அதைப் பார்த்து வாங்குங்கள்.

மிக்ஸில் ஒரு சோதனையை மட்டும் தவறாமல் செய்யுங்கள். இன்றைய மறுவார்ப்புகள் மூன்று தாமதப் பாதைகளை இடமும் வலமுமாகப் பரப்பித் தருகின்றன. ஹெட்ஃபோனில் கேட்டால் சொர்க்கம். போனின் ஒற்றை ஸ்பீக்கரில் அதே பாதைகள் ஒன்றையொன்று தின்று, ஒலி குழிந்துபோகலாம். மோனோ பொத்தானை அழுத்திக் கேளுங்கள். பாதி காணாமல் போனால் பரப்பலைக் குறையுங்கள், அல்லது மோனோவிலேயே வைத்துவிட்டு ஸ்டீரியோ அகலத்தை ரிவெர்பில் மட்டும் கொடுங்கள். பாடகர் இருக்கும் பாட்டு என்றால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே தாராளமாக வெட்டலாம். அந்த இடம் பேஸுக்கும் டிரம்ஸுக்கும் உரியது, இந்த ஒலிக்கு அங்கே வேலை இல்லை.