அணை மீனைப் பதப்படுத்தி விற்க முனைவோருக்கு

பவானிசாகர், அமராவதி, ஆழியாறு அணைகளில் பிடிபடும் கட்லா, ரோகு, ஜிலேபி மீன்களை நம்பிப் பதப்படுத்தும் கூடம் அமைக்க விரும்புவோர், முதலில் உலகச் சந்தை எதை வாங்குகிறது என்று அறிய வேண்டும். 2023-24ஆம் நிதியாண்டில் இந்தியா ஏறத்தாழ 17.8 லட்சம் டன் கடலுணவை 60,500 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்தது. அந்த வருவாயில் பெரும்பங்கு உறைய வைத்த இறாலினுடையது. டின்னில் அடைத்த சூரை மீனில் தாய்லாந்தும், முள் நீக்கிய பங்காசியஸ் மீன் துண்டில் வியட்நாமும் முன்னிற்கின்றன.

முள்தான் நம் கெண்டை இன மீன்களின் முதல் இடர். கட்லா, ரோகு ஆகியவற்றின் சதைக்குள் ஓடும் மெல்லிய முட்களைக் கத்தியால் முழுமையாக எடுக்க இயலாது. ஆகவே செதில், செவுள், குடல் நீக்கிக் கழுவிய மீனை, சதை பிரிக்கும் இயந்திரத்தில் விட்டு அரைத்த சதையாக எடுத்து, கட்லெட்டாகவோ மீன் உருண்டையாகவோ மாற்றுவதே ஏற்ற வழி. உடனே பயன்படுத்தாத சதையை மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ வைக்க வேண்டும். மின்தடையைச் சமாளிக்க ஜெனரேட்டர் வைத்திருப்பது கட்டாயம் என்றே கருதுகிறேன்.

இயந்திரத்தைவிட ஐஸில் முதலீடு செய்யுங்கள். பரிசலிலிருந்து மீன் இறங்கியவுடன், அதன் எடைக்குச் சமமான ஐஸை அடுக்கடுக்காக இட்டு வெப்பம் புகாத பெட்டியில் அடைக்க வேண்டும். சித்திரை வெயிலில் கரையிலேயே கெட ஆரம்பித்த மீனை எந்தத் தொழில்நுட்பமும் மீட்காது.

ஊறுகாய் போடுவோர் ஒன்றில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். ஈரோட்டு மஞ்சளும் உப்பும் தடவிப் பொரித்த துண்டுகளை நல்லெண்ணெயில் மூழ்க வைத்தால் போதும் என்ற எண்ணம் ஆபத்தானது; காற்றுப் புகாத எண்ணெய்க்கடியில்தான் உயிருக்கே ஆபத்தான நஞ்சைச் சுரக்கும் போட்டுலினம் கிருமி வளரும். போதிய வினிகர் சேர்த்து, துண்டின் உட்பகுதியிலும் பிஎச் அளவு (புளிப்பு கூடக் கூட இது குறையும்) 4.6க்குக் கீழே இருப்பதை ஒவ்வொரு முறையும் கருவியால் அளந்து குறித்துவைக்க வேண்டும்.

அணையின் நீர்மட்டத்தைப் பொறுத்து மீன் வரத்து மாறுவதால், மீன்பிடி உரிமை பெற்றவர்களுடன் மட்டுமன்றிப் பண்ணைக்குட்டை உழவர்களுடனும் முன்கூட்டியே கொள்முதல் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். இயந்திரம் வாங்குமுன், கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பயிற்சி பெறுவது நல்லது.

தொடக்கத்திலேயே ஏற்றுமதி வேண்டாம். கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் பதிவு, ஏற்றுமதி ஆய்வு அமைப்பின் ஒப்புதல், உணவில் தீங்கு நேரக்கூடிய கட்டங்களைக் கண்டறிந்து கட்டுப்படுத்தும் ஹெச்ஏசிசிபி நடைமுறை, மீனில் தங்கிய மருந்து எச்சப் பரிசோதனை ஆகியவற்றின் செலவைச் சிறு கூடம் தாங்காது. வெளிநாட்டு வாங்குநரின் தணிக்கை எத்தனை கடுமையானது என்பதைத் திருப்பூர்ப் பின்னலாடைக்காரர்கள் நன்கறிவார்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் பெற்று, கோவை, திருப்பூர் உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் முதலில் விற்றுப் பாருங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் தயாரித்த நாளையும் தொகுதி எண்ணையும் அச்சிட்டு, அந்தத் தொகுதிக்கான மீன் எந்த நீர்நிலையிலிருந்து, எப்போது வந்தது என்ற பதிவேட்டை முதல் நாளிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.