வைட் தீவுக்குப் போகிறீர்களா? முதலில் கடலின் ஏற்ற வற்றம் பாருங்கள்

இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மத், சவுதாம்ப்டன் ஊர்களுக்கு எதிரே கிடக்கிற வைட் தீவு ஏறக்குறைய 380 சதுர கிலோமீட்டர்தான். போய் வந்தவர்களிடம் விசாரித்தால் சிலர் "ஆகா, அருமை" என்பார்கள். சிலர் "எங்கே கடற்கரை? தண்ணீர் சுவர் வரைக்கும் நின்றது" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். போன நேரம்தான் வேறு.

இந்தத் தீவில் டைனோசர் காலடி பார்ப்பது, நண்டு பிடிப்பது, நீந்துவது, மணலில் ஓடுவது எல்லாமே கடல் ஏறியிருக்கிறதா வற்றியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதனால் இந்தப் பதிவில் அதற்குத்தான் அதிக இடம். தங்குமிடம் பிடிப்பது, பெட்டி கட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: கடலைத் தாண்டுவது

காரோடு போக மூன்று வழிகள்: போர்ட்ஸ்மத்திலிருந்து ஃபிஷ்போர்ன், லிமிங்டனிலிருந்து யார்மத், சவுதாம்ப்டனிலிருந்து கிழக்கு கவ்ஸ். கார்ப் படகின் கட்டணம் நாளுக்கு நாள், வேளைக்கு வேளை மாறும். கோடை விடுமுறைச் சனிக்கிழமையைத் தவிர்த்தாலே கணிசமாக மிச்சமாகும்.

கார் இல்லாமல் போவதுதான் என் சிபாரிசு. போர்ட்ஸ்மத் ஹார்பர் ரயில் நிலையத்தை ஒட்டியே படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து தீவின் ரைடு ஊரில் கடலுக்குள் நீளும் பாலத்துறைக்கு இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ரயில் சீட்டு வாங்கும்போதே ரைடு அல்லது ஷாங்க்லின் வரைக்கும் வாங்கினால் படகுக் கட்டணமும் அதிலேயே அடங்கிவிடும். இது தெரியாமல் தனித்தனியாக வாங்குகிறவர்கள் நிறைய.

குழந்தைகள் இருந்தால் போகும்போதோ வரும்போதோ ஒரு முறை போர்ட்ஸ்மத்தின் சவுத்ஸீயிலிருந்து ஹோவர்கிராஃப்ட். 1965 முதல் ஓடுகிறது, பத்து நிமிடப் பயணம். தண்ணீரிலிருந்து அப்படியே கரையேறி வந்து, காற்றுப் பையைச் சுருக்கிக்கொண்டு உட்காரும். கடல் கொந்தளித்தால் ரத்தாகிவிடும், அதனால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரைடு பாலத்துறை திறக்கப்பட்டது 1814-இல். நீளம் அறுநூற்று எண்பது மீட்டருக்குச் சற்று மேல். எதற்கு இவ்வளவு நீளம்? கடல் வற்றினால் ரைடு கரையில் மணல் அவ்வளவு தூரத்துக்கு வெளியே வந்துவிடும், படகு கிட்டே வர முடியாது. அந்தக் காலத்துப் பயணிகள் ஈர மணலில் வண்டியேறித்தான் ஊருக்குள் வந்தார்கள். இன்று அந்தப் பாலத்தின் மேலேயே ரயில் ஓடுகிறது, ஷாங்க்லின் வரைக்கும். ரயில் பெட்டிகள் லண்டன் சுரங்க ரயிலின் டிஸ்ட்ரிக்ட் பாதையில் ஓடி ஓய்வுபெற்றவை. புதுப்பித்து 2021-இல் இங்கே விட்டார்கள்.

படி 2: ஏற்ற வற்ற அட்டவணையைப் படிப்பது

சரி, விஷயத்துக்கு வருவோம். எனக்கு அதிகம் தலைவலி கொடுத்த இடம் இதுதான்.

பிரிட்டிஷ் கடலியல் அலுவலகத்தின் 'ஈஸிடைட்' என்ற இணையப் பக்கத்தைத் திறவுங்கள். வரும் ஏழு நாட்களுக்கான கணிப்பு இலவசம். கைப்பேசிச் செயலிகள் ஏராளமாக இருக்கின்றன, ஆனால் பலவற்றில் விளம்பரத்தை ஒதுக்கித் தள்ளவே நேரம் சரியாக இருக்கும். எனக்கு இதுவே போதும். அதற்கும் மேலே, தீவுக் கடைகளில் விற்கும் சின்ன அச்சுப் புத்தகம் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். தென்மேற்குக் கரையில் சிக்னல் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

முதலில் பார்க்க வேண்டியது ஊர்ப் பெயர். தேடினால் போர்ட்ஸ்மத்தான் முன்னால் வந்து நிற்கும். அதை வைத்துக்கொண்டு தீவின் மறுபக்கத்தில் இறங்கக் கூடாது, நேரம் வேறுபடும். கிழக்குக் கரைக்கு சாண்டவுன், தென்மேற்குக்கு ஃப்ரெஷ்வாட்டர், வடமேற்குக்கு யார்மத் என்று தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது கோடை நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். சில அட்டவணைகள் அதைக் கூட்டியே தரும், சில கிரீன்விச் நேரமான ஜிஎம்டியிலேயே விட்டுவிடும். பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். ஜிஎம்டி என்று இருந்தால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரே ஊருக்கு இரண்டு அட்டவணைகளை ஒப்பிடுங்கள். சரியாக ஒரு மணி நேரம் இடித்தால் ஏதோ ஒன்று ஜிஎம்டியில் இருக்கிறது.

மூன்றாவது, நேரத்துக்குப் பக்கத்தில் மீட்டரில் போட்டிருக்கும் உயரம். பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. எல்லா வற்றமும் ஒரே அளவு வற்றாது. போர்ட்ஸ்மத்தை எடுத்துக்கொண்டால், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் சராசரியாக 0.8 மீட்டர் வரை இறங்கும். அஷ்டமியை ஒட்டி 1.9 மீட்டரோடு நின்றுவிடும். ஒரு மீட்டர் வித்தியாசம் காகிதத்தில் சின்னதாகத் தெரியும். சரிவே இல்லாத கரையில் அது ஒரு மைதானம்.

ஆக, வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியே பாதி வேலையை முடித்துவிடும். அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ ஒன்றிரண்டு நாள் கழித்து வருகிற நாட்கள்தான் காலடித் தடங்களுக்கு உகந்தவை.

இந்தக் கடலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் தீவின் கிழக்கிலும் வடக்கிலும் நண்பகலை ஒட்டி ஏற்றம் வரும். தீவைச் சுற்றிப் பெரிய வற்றம் அதிகாலையிலும், கோடை நேரப்படி மாலை ஐந்து, ஆறு மணியை ஒட்டியும் வரும். மாதா மாதம் கிட்டத்தட்ட இதேதான். அஷ்டமி நாட்களில் தலைகீழ், நண்பகலை ஒட்டி மிதமான வற்றம். இது பிடிபட்டுவிட்டால் திட்டம் தானாக அமையும். பௌர்ணமி வாரமா? மத்தியானம் நீச்சலும் நண்டும், சாயங்காலம் டைனோசர். அஷ்டமி வாரமா? மத்தியானம் மணல் விளையாட்டு, காலையிலோ மாலையிலோ நண்டு.

படி 3: டைனோசர் காலடி

தென்மேற்கில் காம்ப்டன் விரிகுடா, அதன் ஹனோவர் முனை. மேலே நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் கார் நிறுத்தம் இருக்கிறது, உறுப்பினர்களுக்கு இலவசம். கரைக்கு இறங்கும் படிக்கட்டைக் கடல் அரித்துவிட்டு மூடிவைப்பதும் உண்டு, போகும் முன் விசாரியுங்கள். வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இறங்கி, கடல் திரும்பியதும் நீங்களும் திரும்ப வேண்டும்.

தரையில் பள்ளமான தடத்தைத் தேடாதீர்கள். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் சேற்றில் விழுந்த தடத்துக்குள் மணல் நிரம்பி, அது கல்லாகி, சுற்றியிருந்த சேறு பிற்பாடு கரைந்துபோனது. அதனால் இங்கே நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் தடத்தின் வார்ப்பு: மூன்று மொத்தை விரல்களோடு, பாசி படர்ந்து, மணலில் கிடக்கும் ஒரு பெரிய பாறை. தெரியாவிட்டால் அதன் மேலேயே உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுவிட்டு வந்துவிடுவோம். இகுவானடான் வகை டைனோசர்களின் கால்கள் இவை. கீழே இன்னும் நீர் வடிந்தால், கல்லாகிப்போன மரத்தண்டுகளும் கருப்பாகத் தலைகாட்டும். வார்ப்புகளை எடுக்கவோ உடைக்கவோ கூடாது. மலையோரச் சுவரைத் தோண்டவும் கூடாது. அடியில் நிற்கவே வேண்டாம், மழைக்குப் பிறகு மண் சரியும்.

எலும்புத் துண்டு பொறுக்க ஆசையா? கிழக்கில் சாண்டவுனுக்குப் பக்கத்தில் யாவர்லாந்து கடற்கரை. உதிர்ந்து கிடப்பவற்றை மட்டும் எடுக்கலாம். இங்கே கருப்பாகக் கிடப்பது எல்லாமே எலும்பு என்று தோன்றும், பாதிக்கு மேல் கரியான மரம். உடைந்த விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மரமென்றால் நார் நாராக ஒரே திசையில் ஓடும், கையில் லேசாக இருக்கும். எலும்பென்றால் தேன்கூடு போலப் பொடிப்பொடித் துளைகள் தெரியும், அளவுக்கு மீறிக் கனக்கும். சுத்தியல் எதற்கும் தேவையில்லை.

கிடைத்ததை சாண்டவுனில் உள்ள டைனோசர் ஐல் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். இது சும்மா உபசாரத்துக்குச் சொல்வதல்ல. 2019-இல் ஷாங்க்லின் கரையில் வெவ்வேறு ஆட்கள் தனித்தனியே பொறுக்கிய எலும்புகள் அங்கே வந்து சேர்ந்து, 2020-இல் 'வெக்டேரோவெனேட்டர்' என்ற புதிய டைனோசராக அறிவிக்கப்பட்டன.

காலுக்கு: பழைய ஓட்டக் காலணி. ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும், முழங்கால் பூட்ஸுக்குள் தண்ணீர் போனால் தீர்ந்தது கதை.

படி 4: நண்டு பிடிப்பது

யார்மத் துறையில் கடல் ஏறும்போது. கடைகளில் கிடைக்கும் தூண்டில் கயிற்றில் கொக்கி இருந்தால் கழற்றிவிட்டு, சின்ன வலைப் பை கட்டுங்கள். நண்டு பையைப் பிடித்துக்கொண்டே மேலே வரும், வாய் கிழியாது. எல்லோரும் பன்றி இறைச்சித் துண்டைப் போடுவார்கள். அதை வாங்காத வீட்டுக்காரர்களுக்கு மீன் தலை தாராளமாகப் போதும், எனக்கென்னவோ அதில்தான் சீக்கிரம் சிக்குகிறது.

ஒளி ஊடுருவும் வாளியாக வாங்குங்கள், கடல்நீரை நிரப்புங்கள், நிழலில் வையுங்கள், கூட்டம் சேர்க்காமல் சீக்கிரம் விட்டுவிடுங்கள். தூக்கும்போது பின்பக்கமாக ஓட்டின் இரு ஓரங்களைப் பிடிக்க வேண்டும். குழம்புக்கு ஆகுமா என்று கேட்காதீர்கள், உள்ளங்கை அளவுகூட இருக்காது.

படி 5: நீடில்ஸ் (ஊசிகள்), ஆலம் விரிகுடா

மேற்கு முனையில் கடலுக்குள் வரிசையாக நிற்கும் மூன்று சுண்ணாம்புப் பாறைகள், நுனியில் 1859-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம். ஊசிகள் என்ற பெயருக்குக் காரணமான ஒல்லிப் பாறை 1764-இலேயே விழுந்துவிட்டது. பக்கத்து ஆலம் விரிகுடாவில் மலைச்சரிவு முழுக்கப் பல நிற மணல். சரிவிலிருந்து எடுக்கத் தடை, மேலே கடையில் கண்ணாடிக் குடுவையில் நாமே நிரப்பிக்கொள்ளலாம். குடுவையைச் சாய்த்துப் போட்டால் அடுக்கு அலை அலையாக வரும். கழுத்து வரை இறுக நிரப்பாவிட்டால் வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் கலந்து மண்ணாகிவிடும். கம்பியில் தொங்கி நகரும் நாற்காலியில் கரைக்கு இறங்கலாம், காற்று பலமானால் நிறுத்திவிடுவார்கள். 1897-இல் மார்க்கோனி கம்பியில்லாத் தந்தியைச் சோதித்த இடமும் இதுதான், ஒரு நினைவுக்கல் இருக்கிறது.

படி 6: மழை

வரும். ஆஸ்போர்ன் மாளிகைக்குப் போங்கள். விக்டோரியா ராணி 1901-இல் இறந்த வீடு. தர்பார் அறையின் வெண்ணிறச் சுதைவேலையை வடிவமைத்தவர் லாகூரின் பாய் ராம் சிங். கீழே கடற்கரையில் ராணி குளிக்கப் போன சக்கர வண்டியும் நிற்கிறது. கேரிஸ்புரூக் கோட்டையில் கழுதைகள் சக்கரம் சுற்றிக் கிணற்று நீர் இறைப்பதைக் காட்டுவார்கள், குழந்தைகளுக்கு ராணியைவிட அதுதான் பிடிக்கும்.

ஃப்ரெஷ்வாட்டரில் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூன் வாழ்ந்த டிம்போலா வீடும் உண்டு. வீட்டுக்கு வைத்திருப்பது குடும்பத்தின் இலங்கைத் தோட்டத்தின் பெயர். 1875-இல் அவர் இலங்கைக்கே போய், 1879-இல் அங்கே இறந்தார். கல்லறை போகவந்தலாவையில். மலையகத்தை அறிந்தவர்களுக்கு அந்த வாசலில் நிற்பது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும்.

பின்சேர்க்கை (வாசகர்களுக்காக)

மிதவைப் படுக்கை வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். சாண்டவுன் பக்கம் தண்ணீர் குளம் மாதிரி அமைதியாகத் தெரியும், ஏனென்றால் மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. அதே காற்று மிதவையை உள்ளே இழுத்துப்போகும். ரைடு மணலிலும் எச்சரிக்கை தேவை: முன்னால் நடந்துகொண்டிருக்கும்போதே கடல் பின்னால் சுற்றி வந்து மேட்டில் தனியே விட்டுவிடும். ஆபத்து என்றால் 999, கடலோரக் காவலைக் கேளுங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரால் படிக்கட்டு இறங்க முடியாது, என்ன செய்யலாம் என்று ஒரு வாசகி. யார்மத்திலிருந்து கோடையில் ஓடும் திறந்த மாடி 'நீடில்ஸ் பிரீஸர்' பேருந்தில் ஏற்றுங்கள். ஆலம் விரிகுடாவுக்கு மேலே தனியார் கார்களுக்கு அனுமதி இல்லாத பாறை விளிம்புச் சாலையில் பழைய பீரங்கித் தளம் வரை போகும். மாடியில் இடப்பக்க ஓரம் வேண்டாம், மரக்கிளை உரசும். காதை மூடும் குல்லாய் கட்டாயம், ஜூலையானாலும்.