கவரை ஒட்டுவதற்கு முன் வீட்டில் கதையுங்கள்: குடும்பமாகக் கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பமாகக் காணிக்கை கொடுப்பது என்றதும் பலருக்கும் முதலில் வருகிற கேள்வி, பத்தில் ஒன்றா, கூடவா குறையவா, மொத்தச் சம்பளத்திலா கையில் வந்ததிலா என்பதுதான். அதை இப்போதைக்கு ஓரமாக வைப்போம். திருகோணமலையில் நான் அறிந்த வீடுகளில் காணிக்கையால் மனக்கசப்பு வந்தது தொகையால் இல்லை, அந்தக் காசைப் பற்றி வீட்டுக்குள் யாரும் வாய் திறக்காததால்.

ஒருவர் மட்டும் முடிவெடுப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. அப்பா சம்பளம் எடுத்த அன்றே கவரில் போட்டு ஒட்டிவிடுவார், எவ்வளவு என்று அம்மாவுக்குத் தெரியாது. வேறு வீடுகளில் அம்மா செலவுக் காசில் மிச்சம் பிடித்து ஜெபக்கூட்டத்துக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார், அப்பாவுக்குத் தெரியாது, தெரிய வருகிற அன்றைக்கு வீடு ரெண்டுபடும். கேட்டால், வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்ற வசனத்தைச் சாட்டுச் சொல்வார்கள். அது ஊருக்குத் தம்பட்டம் அடிக்காதே என்பதற்குச் சொன்னது, மனைவிக்கு மறைக்கச் சொன்னதல்ல. உபாகமம் 14ஆம் அதிகாரத்தை (கத்தோலிக்க வேதாகமத்தில் இணைச்சட்டம்) ஒருமுறை பொறுமையாக வாசியுங்கள். தூரத்தில் இருக்கிறவர்கள் தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, விற்றுக் காசாக்கி, கர்த்தர் தெரிந்துகொள்ளும் இடத்துக்குக் கொண்டுபோய், அங்கே விரும்பியதை வாங்கி, வீட்டாரோடு கர்த்தர் முன்னிலையில் சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்கிறது. மூன்றாம் வருடப் பங்கு ஊருக்குள்ளேயே ஆலயப் பணி செய்கிற லேவியனுக்கும் அந்நியனுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் கூடி இருந்து செய்கிற காரியமாகத்தான் அது அங்கே இருக்கிறது.

பிள்ளைகளைத் தபால்காரர் ஆக்குவது அடுத்த தவறு. பாட்டு தொடங்கிவிடும், காணிக்கைப் பை முன் வாங்கில் இருந்து வந்துகொண்டிருக்கும், அம்மா அவசரமாகக் கைப்பையைத் திறந்து ஆயிரத்தையும் ஐந்நூறையும் விலக்கி, கசங்கிய இருபது ரூபாய் ஒன்றைத் தேடி எடுத்து, மடித்துப் பிள்ளையின் கைக்குள் திணிப்பார். பிள்ளை போடும், சரி. ஆனால் அந்தப் பிள்ளை பார்த்தது என்ன? கைப்பையில் இருந்ததிலேயே சின்னத் தாள்தான் கடவுளுக்கு என்பதை. அதைவிட, அதன் சொந்தக் காசில் இருந்து கொடுக்க விடுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்குக் கிடைக்கிற கைவிசேஷம், கனடாவில் இருந்து வந்த மாமா போகும்போது கையில் வைத்துவிட்டுப் போனது, இப்படிப் பிள்ளைக்கென்று வருகிற காசு எந்த வீட்டிலும் கொஞ்சம் இருக்கும். அதில் எவ்வளவு, யாருக்கு என்று அதுவே சொல்லட்டும். ஐம்பது ரூபாய்தான் என்றால் ஐம்பது. பக்கத்து வீட்டுப் பூனைக்கு மீன் வாங்கிக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னாலும் சிரித்து மழுப்பிவிடாதீர்கள், கொடுக்கிற பழக்கம் அப்படித்தான் தொடங்கும்.

வருமானம் நிரந்தரமில்லாத வீட்டில் மாதாமாதம் ஒரே தொகை என்று பேர் கொடுப்பதும் சிக்கல்தான். கந்தோர் உத்தியோகக்காரருக்கு அது சரிவரும். திருக்கடலூரில் கடலை நம்பி இருக்கிறவருக்கு வாடைக்காலத்தில் தோணி கரையில் கிடக்கும். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வேலை செய்கிறவருக்கு வெள்ளைக்காரர் வருகிற மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான் கை நிறையும். தம்பலகாமத்தில் வயல் செய்கிறவருக்கு அறுவடைக்குப் பிறகுதான் காசு. இவர்கள் எல்லாரும் டிசெம்பரிலும் அதே தொகை கட்ட வேண்டும் என்றால் ஒன்றில் கடன்படுவார்கள், இல்லாவிட்டால் வெட்கப்பட்டுக் கோயிலுக்கு வருவதையே நிறுத்துவார்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது அவரவர் வரவுக்குத் தக்கதாக வாரத்தின் முதல் நாளில் எடுத்துவைக்கச் சொன்னார், அவ்வளவுதான். காசு வருகிற அன்றே பங்கைப் பிரித்து வையுங்கள், வராத மாதத்தில் பங்கும் இல்லை. முடிந்தால் சீசன் காலத்துப் பங்கில் கொஞ்சத்தைத் தனியாக ஒதுக்கிவையுங்கள், ஏனென்றால் வாடை தொடங்கும்போதுதான் பக்கத்து வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்க வேண்டி வரும்.

உத்தியோகக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2022இல் விலைவாசி ஏறிய வேகம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்துக்குப் போனது. அதற்குப் பிறகு சம்பளமும் கொஞ்சம் ஏறிவிட்டது, ஆனால் பல வீடுகளில் காணிக்கைக் கவர் மட்டும் 2019இலேயே நிற்கிறது. கோயிலுக்கும் கரண்ட் பில் வருகிறது ஐயா.

கடன்பட்டுக் கொடுப்பதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். உபவாசக் கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு ஒரு பெரிய தொகைக்குக் கைதூக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து சங்கிலியை அடகு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாராவாரம் கட்டுகிற நுண்கடன் ஏற்கெனவே கழுத்தை நெரிக்கும், அதோடு இதுவும். விதைத்தால் நூறு மடங்கு வரும் என்று மேடையில் சொல்கிறவர், வராவிட்டால் அடகுக் கடைக்கு வந்து நிற்கப்போவதில்லை. தசமபாகத்தைக் கொண்டுவந்தால் ஆசீர்வாதத்தைப் பொழிவேன் என்கிற மல்கியா 3ஆம் அதிகாரத்தை லொத்தர் சீட்டு மாதிரி ஆக்கிவிட்டார்கள், அது பொறுப்பில்லாத பிரசங்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இயேசுவே மாற்கு 7இல், தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று காணிக்கையாக்கிக் கைகழுவினவர்களைக் கடிந்துகொண்டார். அம்மம்மாவின் பிரஷர் குளிசை வாங்காமல் கட்டட நிதிக்குக் கொடுத்தால் அதே கதைதான். மூலைக்கடை நானாவின் கடன் கொப்பியில் நாலு மாதமாக உங்கள் பெயர் கிடக்கிறது என்று வையுங்கள். நீங்கள் கோயிலுக்குக் காசு சேர்க்கிற அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுத்த செய்தி மறுநாளே அவர் காதுக்கும் போய்விடும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், அடுத்த முறை மாவை நிறுக்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், அவ்வளவுதான். முதலில் அந்தக் கொப்பிக் கடனை அடையுங்கள். அதுவும் உண்மையான உக்கிராணத்துவம்தான், கடவுள் கையில் தந்ததைப் பொறுப்பாக நடத்துவதுதான்.

பிறகு, வேண்டாததைக் கொடுப்பது. 2004 சுனாமிக்குப் பிறகு போடவே முடியாத உடுப்புகள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்ததைக் கண்ட ஊர் இது. பொத்தான் இல்லாத சட்டையை உங்கள் பிள்ளைக்குப் போட மாட்டீர்கள் என்றால் மற்றவர் பிள்ளைக்கும் வேண்டாம். இதோடு சேர்ந்தது இன்னொன்று: உலர் உணவுப் பொதிக்குள் சுவிசேஷக் கைப்பிரதி ஒன்றைச் செருகிவிடுவது. சைவர்களும் முஸ்லிம்களும் சிங்களவர்களும் வேலிக்கு வேலி இருக்கிற ஊரில் பசியோடு இருக்கிறவருக்கு அரிசியைத் தூண்டிலில் மாட்டிக் கொடுத்தால், அரிசியும் போய் மரியாதையும் போகும். கொடுத்தால் சும்மா கொடுங்கள். யாராவது வந்து ஏன் செய்தீர்கள் என்று கேட்டால் அப்போது சொல்லலாம்.

காசு மட்டும்தான் கொடுப்பது என்று நினைப்பதும் தவறு. மோட்டார் பம்ப் இருந்தால் தண்ணீர், வாகனம் இருந்தால் கிளினிக்குக்கு ஒரு ஓட்டம், கணக்குத் தெரிந்த மகள் இருந்தால் பக்கத்துப் பிள்ளைக்கு ஒரு மணிநேரப் பாடம். கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருப்பதும் சரியில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் கணக்கறிக்கை வாசிக்கும்போது பலர் பின்னால் நின்று தேநீர் குடிக்கிறார்கள். கேள்வி கேட்பது விசுவாசக் குறைவில்லை. நல்ல பொருளாளர் அதை விரும்புவார்.

சரி, எப்படித் தொடங்குவது? மாதக் கடைசியில் மாலை ஜெபம் முடிந்த கையோடு பாயிலேயே இருந்து வரவையும் செலவையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் கட்டாயம் இருக்கட்டும். 90,000 ரூபாய் வரும் வீடு 9,000 கொடுக்க முடிவெடுத்தால், 5,000 கோயிலுக்கு, 2,500 தெரிந்த ஒரு குடும்பத்துக்கு, மிச்சம் 1,500 திடீர்த் தேவைக்கு ஒரு டப்பாவில் என்று பிரிக்கலாம். எந்தக் குடும்பத்துக்கு என்பதை மட்டும் மாதம் ஒருவராக முறை வைத்துத் தெரிவு செய்யுங்கள். முதல் மாதம் ஃபோன் ரீலோடுச் செலவில் சண்டை வரும், வரட்டும்.

கணவனோ மனைவியோ சைவமாக இருக்கிற வீடுகளும் நம்மூரில் குறைவில்லை. அங்கே பத்தில் ஒன்று என்று வேதாகமத்தை நீட்டினால் வேலைக்காகாது. உங்கள் கைக்கு வருகிற பங்கில் இருந்து கொடுங்கள், எவ்வளவு என்று ஒளிக்காமல் சொல்லுங்கள், அவர் கோயில் திருவிழாவுக்கு எழுதுகிற உபயத்தையும் அதே கொப்பியில் எழுத விடுங்கள். பக்கத்து வீட்டுக்கு அரிசி வாங்குகிற வரியில் இருவருக்கும் கருத்து வேறுபாடு பெரும்பாலும் வராது, அந்த வரியில் இருந்தே தொடங்கலாம்.