ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாவல்: பொங்கலுக்கு முன்பே தொடங்குங்கள்

"புத்தகம் படிங்கப்பா" என்று சொல்லி எந்தப் பிள்ளையும் படித்து நான் பார்த்ததில்லை. வாடிப்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். பாடப்புத்தகத்தில் விரிவானம் என்று கதை வருகிறதே, அதையே நெடுவினாவாகத்தான் பார்க்கிறார்கள். அதனால் நாவலை வகுப்புக்குள் கொண்டுவருகிறவர் வினா விடையை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

எந்தப் புத்தகம் என்பதில் பாதி வேலை முடிந்துவிடும். மதுரை என்றதும் 'காவல் கோட்டம்' ஞாபகம் வரும். ஆயிரம் பக்கத்துக்கு மேல். தடிமனைப் பார்த்தே பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். நான் எடுப்பது சி.சு.செல்லப்பாவின் 'வாடிவாசல்'. நூறு பக்கத்துக்குள் முடிகிற கதை. அப்பனைக் குத்திச் சாய்த்த காரிக் காளையை ஜல்லிக்கட்டில் அணைக்க வருகிறான் பிச்சி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு முன்னுரையே வேண்டாம்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் தொடங்குங்கள். தை 1 அவனியாபுரம், 2 பாலமேடு, 3 அலங்காநல்லூர் என்று எங்கள் பக்கம் ஜல்லிக்கட்டு வரிசையாக வரும். பொங்கல் லீவு விடுவதற்கு முந்தின நாள், காரி வெளியே வருவதற்குச் சற்று முன்னால் புத்தகத்தை மூடிவிடுங்கள். எவ்வளவு கெஞ்சினாலும் முடிவைச் சொல்லாதீர்கள். லீவில் யாராவது புத்தகத்தை வாங்கிப் போய் முடித்துவிட்டால், அதைவிட வேறென்ன வேண்டும்? மற்றவர்களிடம் உளறாதே என்று மட்டும் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பில் இதைச் செய்ய வேண்டாம். பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் "போர்ஷன் முடிஞ்சுதா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி மாளாது.

பாடவேளையில் இருபது நிமிடம் போதும். விவரிப்பை நீங்கள் வாசியுங்கள். பேச்சை மூன்று பேரிடம் கொடுங்கள்: பிச்சி, கூட வந்த மருதன், வாடிவாசல் ஓரம் பேச்சுக் கொடுக்கிற கிழவன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையனுக்குத்தான் நான் கிழவனைக் கொடுப்பேன். அந்தப் பேச்சு அவன் வீட்டுத் தாத்தா பேசுகிற மாதிரியே இருக்கும். செய்யுளில் திணறுகிறவன் அதில் திணற மாட்டான். முதல் நாளே அவனுடைய வரிகளைப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தனுப்புங்கள். தப்பாக வாசித்தால் நடுவில் திருத்தாதீர்கள். யாராவது சிரித்தால், நாளைக்குக் கிழவன் அவர்தான்.

ஜல்லிக்கட்டு பையன்கள் சமாச்சாரம் என்று பெண் பிள்ளைகள் ஒதுங்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். பருத்திக்கொட்டையும் தவிடும் வைத்துக் காளையை வளர்ப்பதில் அவர்கள் கையும் இருக்கிறது. கதையில் காரி ஜமீன்தாரின் மாடு. "ஜமீன்தாருக்கு மாடு பெருசா, மானம் பெருசா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து மணி அடித்தும் எழவில்லை. அந்தச் சண்டையை நடக்க விடுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். பேச்சு ஊர், சாதி என்று திரும்பினால் மட்டும் உள்ளே புகுந்துவிடுங்கள். மாடு குத்தி வீட்டில் யாரையாவது இழந்த பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வதும் அவசியம். இருந்தால் வேறு புத்தகம் எடுங்கள்.

பெஞ்சுக்கு ஒரு பிரதி இருந்தால் சமாளிக்கலாம். மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது கழிவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்ததும் கதைச் சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள், மதிப்பெண்ணும் வேண்டாம். நீங்கள் பிச்சியாக இருந்திருந்தால் எந்த இடத்தில் திரும்பிப் போயிருப்பீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் கேளுங்கள். இரண்டு வரி வந்தால் போதும்.

அப்புறம் நூலக பீரோவின் சாவியை மாணவர்களிடமே கொடுத்துவிடுங்கள். ஒரு நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு யார் எதை வேண்டுமானாலும் எடுத்துப் போகட்டும். நாவல் கனமாகத் தெரிந்தால் 'தேன்சிட்டு' இதழ் எடுக்கட்டும், அதுவும் வாசிப்புதான். வருஷக் கடைசியில் ஒன்றிரண்டு புத்தகம் குறையும். இருப்புப் பதிவேட்டுக்கு என்ன சொல்வது என்பதை மட்டும் தலைமையாசிரியரிடம் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.