அத்தைக்குத் துணையாக ஆள் வைத்தபோது கற்றுக்கொண்டவை

போன வருடம் ஆடி மாதம் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன். பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது வாக்கரைப் பிடித்து நாலடி நடக்கத்தான் முடிந்தது. அத்தை என் மாமியார், வயது 81. நான் மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், என் வீட்டுக்காரருக்குக் கடை. பகலில் வீட்டில் யாரும் இல்லை. ஊசி போடவோ கட்டு மாற்றவோ ஆள் தேவைப்படவில்லை. குளிக்க வைக்க, பாத்ரூமுக்குக் கூட்டிப்போக, நேரத்துக்குச் சாப்பாடு எடுத்துக் கொடுக்க, பேச்சுத்துணைக்கு இருக்க ஒருவர் வேண்டும்.

எடுத்த எடுப்பிலேயே வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு போன் போடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் போட்டோம். "நடப்பாங்களா, படுக்கையிலயா?" என்று கேட்டார்கள். "கொஞ்சம் நடப்பாங்க" என்றோம். அதற்கு மேல் எங்களுக்கே ஒன்றும் தெரியாது. இருபது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அத்தையின் எடையை அவளால் தாங்க முடியவில்லை, மூன்றாம் நாளே அழுதுகொண்டு போய்விட்டாள். கட்டிய ஒரு மாத முன்பணம் திரும்பி வரவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனசே வரவில்லை. என்ன வேலை என்று நாங்கள்தான் அவளிடம் சொல்லவில்லை.

அப்புறம்தான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, மூன்று நாள் அத்தையின் பொழுதை மணிக்கணக்கில் எழுதினேன். காலை 5.30 எழுகிறார். எழுந்ததும் அவசரமாகச் சிறுநீர். 6 மணிக்குக் காபி. 7.30க்கு இரண்டு இட்லி. 11 மணிக்குக் கண் அசருகிறார். இரவு 12, 2, 4 என மூன்று முறை எழுகிறார். இந்தக் கடைசி வரி எனக்கே புதிது, ஏனென்றால் இரவில் கூட எழுந்து பார்த்துக்கொண்டது என் வீட்டுக்காரர். எங்களுக்குப் பகலுக்கு மட்டும் ஆள் போதாது என்பது அந்த நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. நீங்களும் இதை முதலில் செய்யுங்கள். எந்த வேலையைத் தானே செய்கிறார், எதற்குக் கை கொடுத்தால் போதும், எதை முழுசாகச் செய்துவிட வேண்டும் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். அதைக் காட்டித்தான் ஆள் கேட்க வேண்டும்.

நோட்டை டாக்டரிடமும் காட்டினேன். நீர் பிரியக் கொடுத்திருந்த மாத்திரையைச் சாயங்காலத்திலிருந்து காலைக்கு மாற்றினார். கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலி போட்டோம். இரவு எழுவது ஒரு முறையாகக் குறைந்தது. இது நடக்காமல் இருந்திருந்தால் இரவுக்குத் தனி ஆள்தான் போட்டிருக்க வேண்டும். வீட்டோடு தங்கும் ஆள் என்றாலும் 24 மணி நேரமும் விழித்திருக்க யாராலும் முடியாது. இரவில் மூன்று நான்கு முறை எழுப்பப்படுகிறவர் பகலில் தூங்கி விழுவார், அந்த நேரத்தில் பெரியவர் தனியாக எழுந்து நடப்பார்.

அத்தையிடமும் கேட்டோம். இதை முன்னாலேயே கேட்காததை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. அவர் இரண்டே விஷயம் சொன்னார். பொம்பளை ஆளாக, கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும். கீரை ஆய்வதையும் பூக் கட்டுவதையும் யாரும் அவர் கையிலிருந்து பிடுங்கக் கூடாது.

சரி, ஆளை எங்கே தேடுவது? எங்களுக்கு பிசியோதெரபிஸ்ட் மூலமாகக் கிடைத்தது. நாலு வீட்டுக்குப் போய் வருகிறவருக்கு யார் பொறுமையாகப் பார்த்துக்கொள்கிறார் என்று தெரியும். ஆஸ்பத்திரி ஆயாக்களிடமும் கேட்கலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும் தெரு முழுக்கப் பழக்கம் இருக்கும். அந்தத் திட்டத்தில் நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி கொடுக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். முதியோருக்கான 14567 என்ற இலவச எண்ணில் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை வழி கேட்கலாம்.

ஏஜென்சி மூலம் எடுப்பதாக இருந்தால் பதிவுக் கட்டணம் எவ்வளவு, ஆள் நின்றுவிட்டால் எத்தனை நாளில் மாற்று ஆள், முன்பணம் திரும்புமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் கட்டுவதில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். கையில் குறைவாக வாங்குகிறவர் அதிகம் கிடைக்கும் வீட்டுக்குப் போகத்தான் செய்வார்.

எப்படி வந்தாலும் ஆதார் நகல் வாங்கி, முன்பு வேலை பார்த்த இரண்டு வீட்டுக்காவது போன் செய்யுங்கள். "நல்லவங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "எத்தனை மாசம் இருந்தாங்க, ஏன் நின்னாங்க?" என்று கேளுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலைக்கு வருபவர்களைப் பற்றிச் சரிபார்க்க விண்ணப்பிக்கலாம். இதை அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். நகை, ஏடிஎம் கார்டு எல்லாவற்றையும் அவர் வருவதற்கு முன்பே பத்திரப்படுத்துங்கள். வந்த பிறகு கண் முன்னால் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகினால் யாருக்கும் மனசு சுருங்கும்.

எங்களுக்கு வீட்டோடு தங்க வந்த அக்கா உசிலம்பட்டிப் பக்கம். மாதம் 20,000 ரூபாய், சாப்பாடு வீட்டில், மாதம் இரண்டு நாள் லீவு, தினமும் மதியம் 2 முதல் 4 வரை ஓய்வு. அவர் லீவில் போகும் நாளில் திண்டுக்கல்லிலிருந்து நாத்தனார் வருவார். சம்பளத்தில் பாதி பெங்களூர்க் கொழுந்தனார் பொறுப்பு. இதையெல்லாம் முதல் நாளே பேசி ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். வீட்டு வேலை பற்றியும் எழுதினோம். அத்தையின் துணி, அத்தையின் சாப்பாடு, அத்தையின் அறை மட்டும் அவர் பொறுப்பு. எங்கள் பாத்திரம் அவர் வேலையில்லை.

முதல் மூன்று நாள் நான் லீவு போட்டுக் கூட இருந்தேன். அத்தை அந்த அக்காவைத் தொடவே விடவில்லை. சரி, அவசரம் வேண்டாம் என்று குளியலை நானே பார்த்துக்கொண்டேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார், தலைக்கு எண்ணெய் வைத்தார். ஐந்தாம் நாள்தான் குளிப்பாட்டினார். நான் வாசலில் நின்றேன். ஓட்டை போட்ட உயரமான பிளாஸ்டிக் நாற்காலி, கீழே வழுக்காத பாய். முதலில் மடியில் ஒரு துண்டைப் போட்டு மூடினார். தண்ணீரை அத்தையின் கையிலேயே ஊற்றிச் சூடு கேட்டார். "இப்ப முதுகும்மா", "இப்ப கால்" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டார். அத்தை, "ஏத்தா, காதுக்குப் பின்னாடி தேயி" என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

எழுப்பும் முறையை பிசியோதெரபிஸ்டை வைத்தே சொல்லிக் கொடுத்தோம். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து, உடம்பை முன்னால் சாய்த்து, கைப்பிடியை ஊன்றி அவராகவே எழ வேண்டும். பலமில்லாத பக்கம் நின்று இடுப்பில் தாங்கினால் போதும். தாழ்வான ஸ்டூலில் உட்கார வைப்பதையும் தடுத்துவிட்டார்.

மாத்திரையில் அக்காவுக்கு முடிவெடுக்கும் வேலை கிடையாது. ஞாயிறு இரவு ஏழு நாளுக்கான டப்பாவில் நான் பிரித்துப் போடுவேன். அவர் நேரத்துக்கு எடுத்துக் கொடுத்து நோட்டில் டிக் செய்வார். என்ன சாப்பிட்டார், வெளிக்குப் போனாரா, எவ்வளவு நேரம் தூங்கினார் என்பதும் அதே நோட்டில்தான். ஒரு முறை நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை என்பது அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஃபிரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கீழே விழுந்தால் தூக்காதே, முதலில் எனக்கு போன். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை தூக்க வரவில்லை என்றாலோ எங்களுக்காகக் காத்திருக்காமல் உடனே 108. அதற்குக் கீழே எங்கள் மூவரின் எண்கள், டாக்டர் எண், 108-இல் சொல்வதற்கு வசதியாக வீட்டு முகவரி.

மாதம் பிறந்ததும் சம்பளம் கொடுக்கும்போது அக்காவோடு பத்து நிமிஷம் தனியாக உட்காருகிறேன். போன மாதம் அவர் கேட்டது ஒரு டேபிள் ஃபேன். அத்தை குளிருக்காக மின்விசிறியை நிறுத்திவிடுகிறார், தனக்குத் தூக்கம் வரவில்லை என்றார். அன்று சாயங்காலமே வாங்கி, காற்று அத்தை பக்கம் போகாதபடி அவர் பாய்க்கு நேராகத் திருப்பி வைத்தோம்.